கண்டியில் வாழ்ந்த ஒரு வாப்பா: மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன கிழமை தரம் 10 வகுப்பில் அறிஞர் சித்திலெப்பை பற்றிப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். 1882 டிசம்பரில் அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது, அடுத்த மாதமே எகிப்திலிருந்து ஒராபி பாஷாவும் ஆறு தோழர்களும் நாடு கடத்தப்பட்டு கொழும்பில் வந்திறங்கியது, அவர்களின் ஆதரவோடு 1892இல் மருதானையில் ஸாஹிரா உருவானது என்று வழமையாகச் சொல்வதைச் சொல்லி முடித்தேன். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கையை உயர்த்தினான். அதிகம் பேசாத பிள்ளை.

"சேர், அந்த பாஷாமார் அவ்வளவு வருஷம் இங்க இருந்தாங்க எண்டா, அவங்கட புள்ளைகள் எங்க இருந்தாங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையின் வாப்பா கட்டாரில் இருக்கிறார். ஏழு வருடத்தில் இரண்டு முறைதான் லீவில் வந்திருக்கிறார். இருபது வருடமாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை. "சிலர் குடும்பத்தோட வந்தாங்க, சிலர்ட குடும்பம் அங்கேயே இருந்திச்சி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதற்கான பதிலைத்தான் இன்று எழுதுகிறேன். ஏழு பேரில் ஒருவரைப் பற்றி மட்டும்.

அவர் பெயர் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி.

எகிப்தில் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் இது. நவீன அரபுக் கவிதை இவரிலிருந்துதான் தொடங்குகிறது என்று அரபு இலக்கிய வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். 'வாளுக்கும் பேனைக்கும் தலைவன்' என்பது அவருக்கு அவர்கள் வைத்த பட்டம். நம் நாட்டில் அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஒராபி பாஷாவின் பெயரில் கொழும்பில் வீதி இருக்கிறது. கண்டி ஹல்லோலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவரது ஞாபகார்த்த நூதனசாலை. அவரோடு வந்த கவிஞரை நாம் மறந்துவிட்டோம்.

பாரூதி 1839இல் கெய்ரோவில், மம்லூக் வம்சாவளியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். வாப்பா இராணுவ அதிகாரி. சூடான் பக்கம் டொங்கோலாவில் பணியாற்றும்போது அங்கேயே மௌத்தாகிவிட்டார். அப்போது மகனுக்கு வயது ஏழு. தூர நாட்டுக்குப் போன வாப்பா திரும்பி வரவில்லை என்ற செய்தியோடு வளர்ந்த பிள்ளை அவர். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உம்மாவும் உறவினர்களும் வளர்த்தார்கள். இராணுவப் பாடசாலையில் படித்தார். இஸ்தான்புல் போய் வெளிநாட்டமைச்சில் வேலை செய்தார். துருக்கி, பாரசீக மொழிகளைக் கற்றார். 1863இல் கெதீவ் இஸ்மாயீலோடு எகிப்துக்குத் திரும்பி படையில் சேர்ந்தார். 1866இல் கிரீட் தீவுக்குப் போன படையில் இருந்தார். 1877இல் தொடங்கிய ரஷ்ய - துருக்கி யுத்தத்திலும் போரிட்டார். போர்க்களத்தில் இருந்தும் கவிதை எழுதினார்.

அதன் பிறகு அரசியல். வக்ஃபு அமைச்சர், யுத்த அமைச்சர், கடைசியில் 1882 பெப்ரவரியில் எகிப்தின் பிரதம அமைச்சர். அந்தப் பதவி நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. எகிப்து ஐரோப்பியக் கடனில் மூழ்கிக் கிடந்த காலம். நாட்டின் வரவு செலவைக் கூட அந்நியர்கள் தீர்மானித்தார்கள். "எகிப்து எகிப்தியருக்கே" என்று கர்னல் அஹ்மத் ஒராபி தலைமையில் எழுந்த இயக்கத்தின் பக்கம் பாரூதி நின்றார். மே மாதம் அமைச்சரவை பதவி விலகியது. ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா மீது குண்டு வீசியது. செப்டம்பர் 13ஆம் திகதி அதிகாலை தல் அல்-கபீர் என்ற இடத்தில் ஒராபியின் படை தோற்றது. எல்லாம் முடிந்தது.

இயக்கத்தின் தலைவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். முதலில் மரண தண்டனை. பிறகு அது ஆயுள் முழுவதற்குமான நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. பட்டங்கள் பறிக்கப்பட்டன. சொத்துக்கள் பறிக்கப்பட்டன. 1882 டிசம்பர் கடைசியில் சுயஸ் துறைமுகத்தில் இருந்து 'மரியோட்டிஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. சுமார் இரண்டு வாரப் பயணத்தின் பின் 1883 ஜனவரி 10ஆம் திகதி கொழும்பை அடைந்தது.

அஹ்மத் ஒராபி, மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி, யாகூப் ஸாமி, மஹ்மூத் ஃபஹ்மி, அலி ஃபஹ்மி, துல்பா இஸ்மத், அப்துல் ஆல் ஹில்மி. இவர்கள்தான் அந்த எழுவர். அரசாங்கம் பட்டத்தைப் பறித்திருந்தாலும் நம் மூதாதையர்கள் கடைசி வரை 'பாஷா' என்றே அழைத்தார்கள். இன்றும் அப்படித்தான் அழைக்கிறோம்.

கப்பலில் வந்தவர்களில் சிலர் மனைவி மக்களோடு வந்தார்கள். பாரூதியின் மனைவி அதீலா யகன் எகிப்திலேயே இருந்தார். பெரிய பாஷா குடும்பத்துப் பெண். பெண் பிள்ளைகளும் உம்மாவோடு அங்கேயே. நாடு கடத்தப்பட்ட ஆரம்ப காலத்திலேயே பாரூதிக்குக் கொழும்பில் ஒரு செய்தி வந்தது. அதீலா மௌத்.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கப்பல் வருவதற்கே இரண்டு கிழமை. ஜனாஸாவுக்குப் போக வழியில்லை. மண் அள்ளிப் போட வழியில்லை. கப்பல் இருந்தாலும் ஏற அனுமதியில்லை. நேற்று வரை ஒரு நாட்டின் பிரதம அமைச்சராக இருந்த மனிதர், மனைவியின் கப்ரைப் பார்க்கப் போக முடியாமல் வெள்ளைக்காரனின் காவலில் கொழும்பில் இருக்கிறார்.

அப்போது அவர் எழுதிய இரங்கற்பா இன்று அரபுப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. அரபுக் கவிதையில் இரங்கற்பாக்களுக்குப் பஞ்சமில்லை. அரசனுக்குப் பாடுவார்கள், தளபதிக்குப் பாடுவார்கள், சகோதரனுக்குப் பாடுவார்கள். தன் மனைவிக்காக வெளிப்படையாக அழுது பாடியவர்கள் கொஞ்சம் பேர்தான். உமையாக்கள் காலத்துக் கவிஞர் ஜரீர் தன் மனைவிக்குப் பாடியது புகழ்பெற்றது. வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சபையில் பேசுவதை வெட்கமாக நினைத்த சமூகம் அது. நம் சமூகமும் அப்படித்தானே? மனைவி மௌத்தானால் ஆண் பிள்ளை அழக்கூடாது என்று தோளில் தட்டி எழுப்புகிறவர்கள் தானே நாம்.

யுத்தத்தில் வாள் பிடித்த பாரூதி வெட்கப்படவில்லை. மனைவி போனதை எண்ணி அழுதார். அதைவிட முக்கியமான ஒன்று அந்தக் கவிதையில் இருக்கிறது. தன் துக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. உம்மா இல்லாத வீட்டில் தன் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நினைத்து நினைத்து உருகுகிறார். அவர்களைக் கட்டியணைக்க உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை. வாப்பா உயிரோடு இருந்தும் இல்லை. ஏழு வயதில் வாப்பாவை இழந்தவர் எழுதுகிறார். பிள்ளைகளின் மனதில் என்ன நடக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்னொரு கவிதையும் இருக்கிறது. அவருக்கு ஸமீரா என்று ஒரு சின்ன மகள். ஒரு இரவு அவள் கனவில் வருகிறாள். பழைய அரபுக் கவிஞர்கள் கனவில் வரும் காதலியின் உருவத்தைப் பற்றி நிறையப் பாடியிருக்கிறார்கள். அது அங்கே பழகிப்போன ஒரு மரபு. பாரூதி அந்த மரபை எடுத்து காதலியின் இடத்தில் தன் மகளை வைத்தார். கடல் கடந்து, வழி தெரியாத இருட்டில், சரன்தீபில் இருக்கும் வாப்பாவைத் தேடி வந்துவிட்டுப் போகிறாள் பிள்ளை. கண் விழித்தால் யாருமில்லை.

சரன்தீப் என்பது அரபிகள் நம் நாட்டுக்கு வைத்த பழைய பெயர். நமக்கு அந்தப் பெயரோடு இன்னொரு கதையும் உண்டு. பாவா ஆதம் மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆதம் (அலை) அவர்கள் சரன்தீபிலும் ஹவ்வா (அலை) அவர்கள் ஜித்தாவிலும் இறக்கப்பட்டார்கள், நெடுங்காலம் தேடி அறஃபாவில் சந்தித்தார்கள் என்று நம் மூத்தம்மாமார் பரம்பரையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கண்டியின் மலைகளைப் பார்த்துக் கொண்டு வாழ்ந்த பாரூதிக்கு இந்தச் செய்தி தெரியாமல் இருந்திருக்காது. மனைவியைப் பிரிந்த ஒரு ஆணின் கதையோடுதான் இந்தத் தீவின் பெயரே அரபிகளின் நினைவில் இருந்தது. ஆதமுக்கு அறஃபா கிடைத்தது. பாரூதிக்கு இந்த உலகில் அது கிடைக்கவில்லை.

சில ஆண்டுகள் கொழும்பில் இருந்த பின் பாரூதி கண்டிக்குப் போனார். கொழும்பின் வெக்கையும் ஈரமும் பாஷாமாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒராபி பாஷாவும் 1892இல் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார். பாரூதி அங்கே சும்மா இருக்கவில்லை. ஆங்கிலம் கற்றார். நம் மக்களுக்கு அரபு மொழியும் மார்க்கமும் சொல்லிக் கொடுத்தார். அப்பாசியர் காலத்துக் கவிஞர்கள் 30 பேரின் கவிதைகளைத் தெரிவு செய்து ஒரு பெரிய தொகுப்பை உருவாக்கினார். அவர் மௌத்தான பிறகு அது அச்சில் வந்தது.

அவருடைய வாழ்க்கையில் ஒரு இடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் இங்கே மறுமணம் செய்தார். தன்னோடு நாடு கடத்தப்பட்ட யாகூப் ஸாமி பாஷாவின் மகளை மணந்தார். "அவ்வளவு அழுதவர் மறுபடி கலியாணம் முடிச்சாரா?" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியை நம் ஊரிலும் மனைவியை இழந்த ஆண்களிடம் கேட்கிறோம். கணவனை இழந்த பெண்களிடம் இதைவிடக் கடுமையாகக் கேட்கிறோம். கதீஜா நாயகி (ரழி) அவர்கள் வபாத்தாகி, நபி (ஸல்) அவர்கள் வேறு திருமணங்கள் செய்த பிறகும், ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழிகளுக்கு ஒரு பங்கு அனுப்பி வைப்பார்கள் என்பது நாம் எல்லோரும் கேட்ட ஹதீஸ். மறுமணம் முடித்தால் முதல் மனைவியை மறந்துவிட்டார் என்று யார் சொன்னது? வீட்டை மறுபடி கட்டுவதும், போனவரை நினைத்துக் கொண்டிருப்பதும் ஒரே மனதில் இருக்க முடியும்.

வருடங்கள் ஓடின. தோழர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 1891இல் அப்துல் ஆல் ஹில்மி கொழும்பில் மௌத்தானார். 1894இல் மஹ்மூத் ஃபஹ்மி கண்டியில். பாரூதியின் கண்பார்வை மங்கத் தொடங்கியது. இரண்டு கண்ணும் போனது. 17 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தின் பின், 1899இல், நோயையும் பார்வையின்மையையும் காரணம் காட்டி மன்னிப்பு வழங்கப்பட்டு எகிப்துக்குக் கப்பல் ஏறினார். அவர் போன மறு வருடம், 1900இல், மாமனார் யாகூப் ஸாமி கண்டியிலேயே மௌத்தாகி இங்கேயே அடக்கப்பட்டார். ஒராபி பாஷா 1901இல் திரும்பினார்.

43 வயதில் பிள்ளைகளை விட்டுப் போன வாப்பா, 60 வயதில் திரும்பி வருகிறார். பிள்ளைகளைப் பார்க்கத்தான் இவ்வளவு காலம் உயிரோடு இருந்தார். பார்க்கக் கண்ணில்லை. சின்னப் பிள்ளையாக விட்டுப் போன மகள் வளர்ந்து பெரிய பெண்ணாகியிருப்பாள். குரலைக் கேட்டும் கையால் தொட்டும்தான் அவளை அறிய வேண்டும். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது.

கெய்ரோவில் அவரது வீட்டுக்குக் கவிஞர்கள் வந்து போனார்கள். அஹ்மத் ஷவ்கி, ஹாஃபிழ் இப்றாஹீம், கலீல் முத்ரான் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் அந்தக் குருட்டுக் கிழவரின் காலடியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். அரசியலில் அவர் மீண்டும் தலையிடவில்லை. 1904 டிசம்பரில் மௌத்தானார். அல்லாஹ் அன்னாரையும் அதீலாவையும் பொருந்திக் கொள்வானாக.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1885இல் சித்திலெப்பை 'அஸன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்றும் சொல்வோம். அதன் நாயகன் எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் பெற்றோரை விட்டுப் பிரிக்கப்பட்டவன். பாஷாமார் இங்கே வந்து இரண்டு வருடத்தில் இப்படி ஒரு கதை வருகிறது. எதைப் பார்த்து எதை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எகிப்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த மனிதர்கள் அந்த நாட்களில் நம் மக்கள் மத்தியில் நடமாடினார்கள், பள்ளிவாசலில் நம்மவர்களோடு ஸஃப்பில் நின்றார்கள் என்பதை நினைத்துக் கொண்டு அந்த நாவலை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். வேறு மாதிரி இருக்கும்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

அன்று அரபு நாட்டு வாப்பாமார் பிள்ளைகளை விட்டு நம் நாட்டில் இருந்தார்கள். இன்று நம் வாப்பாமார் பிள்ளைகளை விட்டு அரபு நாட்டில் இருக்கிறார்கள். கட்டார், சவூதி, குவைத், துபாய். அவர்களை யாரும் நாடு கடத்தவில்லை. வீட்டுக் கடன், மகளின் கலியாணம், கட்டி முடியாத வீடு ஆகியவைதான் கடத்தின. என் வகுப்பில் 34 பிள்ளைகள். அதில் 11 பேரின் வாப்பா வெளிநாட்டில். இரண்டு பேரின் உம்மா வெளிநாட்டில். பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களுக்காக மாமாவோ மூத்தம்மாவோ வருவார்கள். அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கப்பட்டவர்களுக்காக ஜும்ஆவுக்குப் பிறகு நாம் காயிப் ஜனாஸா தொழுதிருக்கிறோம். அந்த ஸஃப்பில் நின்ற சின்னப் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாப்பாமாரை நாம் எப்படி நினைவு வைத்திருக்கிறோம்? அனுப்பும் பணத்தால், லீவில் வரும்போது கொண்டு வரும் பெட்டியால். அந்த மனிதர் இரவில் எட்டுப் பேர் தூங்கும் அறையில், கட்டிலில் படுத்துக் கொண்டு யாரைக் கனவு காண்கிறார் என்று கேட்பதில்லை. பாரூதிக்குக் கவிதை எழுதத் தெரிந்திருந்தது. அதனால் ஒரு ஸமீராவை நமக்குத் தெரிகிறது. எழுதத் தெரியாத வாப்பாமாரின் ஸமீராக்களை யாருக்கும் தெரியாது.

வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் என்மீதும் பிழை இருக்கிறது. பாஷாமாரை ஸாஹிராவின் ஆதரவாளர்களாக, நம் ஆண்களுக்குத் துருக்கித் தொப்பியைப் பழக்கியவர்களாக, யுத்தத்தில் தோற்றவர்களாக இருபது வருடம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாளும் அவர்களை வாப்பாமாராகச் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வராது என்று நினைத்தேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் அந்தக் கேள்விதான் தினமும் வருகிறது.

திங்கட்கிழமை வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட பிள்ளை மணி அடித்த பிறகு மேசைக்கு வந்து, "சேர், அவர்ட மகள் அவர கனவுல கண்டிருப்பாவா?" என்று கேட்டான். கண்டிருப்பா மகன், கட்டாயம் கண்டிருப்பா என்றேன். வேறு என்ன சொல்ல?

உறவுகளே, ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வாப்பாவோ கணவரோ மகனோ வெளிநாட்டில் இருந்தால் இன்று இரவு பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு ஒரு வொய்ஸ் அனுப்புங்கள். காசைப் பற்றிப் பேசாதீர்கள், சாமான் லிஸ்ட் சொல்லாதீர்கள். இன்று என்ன சமைத்தீர்கள், பிள்ளை பாடசாலையில் என்ன செய்தது, மழை பெய்ததா என்று மட்டும் சொல்லுங்கள். பாரூதிக்கு ஒரு கடிதத்துக்காகக் கப்பலைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

கண்டிக்குப் போகிறவர்கள் நேரம் இருந்தால் ஹல்லோலுவ வீதி வீட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். இந்த மண்ணில் அடங்கியிருக்கும் பாஷாமாருக்கும், தூர தேசங்களில் அடங்கியிருக்கும் நம் வாப்பாமாருக்கும் ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்.

பிரிந்திருக்கும் எல்லாக் குடும்பங்களையும் அல்லாஹ் நலமோடு ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.